பரிவட்டம் கட்டிய தலை

தம்பி,

கீழே தெருவில் போனாலு ஊர்வலம் போகிறது, இங்கே அம்மனுக்குப் பானையில் சோறு எடுத்துப் போகிற பண்டிகை. மாதாப்பூரில் இந்த மாடி வீட்டுக்கு மகளோடு குடிவந்த பிறகு தெருச்சத்தம் எதுவும் எனக்கு எட்டுவதில்லை. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் மழை பெய்வதுகூடத் தெரியாது. ஆனால் வாசனை வந்துவிடுகிறது. அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் சாம்பிராணியும் கலந்த வாசனை. துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வாசனை வந்தால் எனக்குத் தெலுங்குக்காரர்களின் பண்டிகை நினைவுக்கு வருவதில்லை. நம் ரயில்வே காலனியின் ஆடித் திருவிழாதான் வருகிறது. ஈர மஞ்சள் வேட்டியோடு, தலையில் கரகத்தோடு நிற்கிற நீ வருகிறாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை காலத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. பேச்சே இல்லாதபோது கடிதம் எங்கிருந்து வரும்? இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று உன் மகன் முரளியும், கோயில் சங்கத்துச் செயலாளர் வாசுவும் வந்திருந்தார்கள். வாசுவை உனக்குத் தெரியும், காஞ்சன்பாக்கில் வேலை பார்க்கிறவன், உன் பின்னால் கொடி பிடித்துக்கொண்டு திரிந்தவன். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது.

"அக்கா, மண்டபத்தப் புதுசாக் கட்டி முடிச்சிட்டோம். வாசல்ல ஒரு கல்லு வெக்கிறோம். கோயிலுக்கு ஒழைச்சவங்க பேரெல்லாம் வெட்டப் போறோம். உங்க தம்பி பேரு வெக்கிறதா வாணாமான்னு ஒரே சண்டை. பாதிப் பேரு வெக்கணும்ன்றான், பாதிப் பேரு நக்கோன்றான்."

"அதுக்கு எங்கிட்ட இன்னாத்துக்கு வந்தே?"

"அன்னிக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதானே அவரு பேரு போச்சு? இன்னிக்கும் நீங்க சொல்லுங்க. வெக்கச் சொன்னா வெக்கிறோம், வாணாம்னா வுட்டுட்றோம். ஒருத்தரும் எதிர்த்துப் பேச மாட்டாங்கோ. வெள்ளிக்கிழமை கல் வெட்றவன் வரான்."

முரளி டீக் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "அத்தை, அப்பா பேரு ஒரு ஓரத்துலயாவது இருக்கட்டும்" என்றான். உன் பிள்ளை ஓரத்தில் இடம் கேட்கிறான். உனக்கு அந்தப் பழக்கம் இருந்ததே இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அதனால்தான் பேத்தியின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாங்கிளாஸ் படித்தவளின் எழுத்து, கோணலாகத்தான் போகும். பேத்தி எட்டிப் பார்த்து, "ஏம் ராஸ்துன்னாவ் அம்மம்மா?" என்று, என்ன எழுதுகிறாய் எனத் தெலுங்கில் கேட்டாள். என் தம்பிக்கு எழுதுகிறேன் என்றேன். செத்தவருக்கா என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதலாம்.

உன் பெயர் கல்லில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? இதுதான் கேள்வி. முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் உண்டு, ஞாபகமும் உண்டு. கோபத்துக்காக ஞாபகத்தைத் திருத்துகிறவள் நான் இல்லை.

அந்தக் கோயில் முதலில் ஒரு வேப்பமரமும் மஞ்சள் பூசிய ஒரு கல்லும்தான். ஆரணிப் பக்கத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்த நம் தாத்தா காலத்து ஆட்கள் நட்டது. ரோடு போட வேண்டும், கல்லைப் பிடுங்கு என்று ஆபீசர் ஆள் அனுப்பினபோது, சம்பளம் போய்விடும் என்று பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள். நீ அப்போதுதான் ஃபிட்டராகச் சேர்ந்திருந்தாய். எண்ணெய்க் கறை போகாத காக்கிச் சட்டையோடு போய் மரத்தடியில் உட்கார்ந்தாய். "ரோட்ட ரெண்டு முழம் தள்ளிப் போடுங்க சார், ஆத்தா தள்ளி உக்கார மாட்டா" என்று இந்தியும் தெலுங்கும் கலந்து சொன்னாய். அந்த ஆபீசரே சிரித்துவிட்டார். ரோடு தள்ளிப் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் ரோடு ஒரு வளைவு வளைந்துதான் போகிறது.

பிறகு சுவர் எழுப்ப நீயே செங்கல் சுமந்தாய். ஷிப்டு முடிந்து வந்து, சும்மாடு கூட்டிக்கொண்டு, பொம்பளைகளோடு வரிசையில் நின்று சுமந்தாய். பட்டறையில் வேலை நிறுத்தம் வந்து அடுப்பு எரியாத நாட்களில், அந்தச் சுவருக்குள் கஞ்சி காய்ச்சி முதலில் மற்றவர் பிள்ளைகளுக்கு ஊற்றினாய். முரளி பசித்து அழுதபோதும் அவனை வரிசையில்தான் நிற்கச் சொன்னாய். இதையெல்லாம் நான் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நல்ல மனிதனாக இருந்தாய். அதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். கெட்டவன் கெட்டுப்போனால் யாருக்கு என்ன?

எங்கிருந்து மாறினாய் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் உனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கோயில் மரியாதை, அம்மன் சேலையிலிருந்து கிழித்த துணியை நெற்றியைச் சுற்றிக் கட்டுவது. மற்றவர்கள் கோயில் வாசலைத் தாண்டியதும் அவிழ்த்து மடித்துக்கொள்வார்கள். நீ அவிழ்க்காமல் காலனி முழுக்கச் சுற்றி வந்து, அப்படியே சாப்பிட உட்கார்ந்தாய்.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "தலையில கீறத கழட்டி வெச்சிட்டுத் துன்னுடா, சோறு ஒண்ணும் எழுந்து ஓடிப்போவாது" என்றாள்.

"இருக்கட்டும்மா. இன்னும் கொஞ்ச நேரம்."

"நெத்தி வேர்த்துக்கினு கீது பாரு."

"வேர்த்தா வேர்க்கட்டும், உனக்கு இன்னா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோயில் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவன் பொருளாளர் ஆனாய், பொருளாளர் தலைவர் ஆனாய். கரகம் எடுப்பது வருஷத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்திருந்தார்கள். கூட்டம் உன்னைப் பார்க்கத்தான் வருகிறது என்று யாரோ சொன்னார்கள், நீ முறையை மாற்றினாய். வருஷா வருஷம் கரகம் உன் தலையில்தான். விட்டுக்கொடுத்த குடும்பங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது, "பொறாமைக்கா" என்றாய். கட்சிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கார்ப்பரேட்டர் சீட்டு என்ற பேச்சு வந்தது. உன் பொண்டாட்டி சுசீலா அவர்களுக்கெல்லாம் பித்தளை டம்ளரில் நுரை பொங்கக் காபி கொடுப்பாள். எனக்கு மட்டும் ஆறிப்போனது வரும். சின்ன விஷயம்தான். ஆனால் நான் மறந்ததில்லை.

ஆரணியிலிருந்து வருஷம் தவறாமல் நம் கூத்துக்காரர்களை வரவழைப்பாய். ஆசை மிஞ்சி அழிகிற ராஜா கதைதான் உனக்குப் பிடிக்கும். கட்டைக் கிரீடம் சரிய அவன் விழுகிற இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்து பொலபொலவென்று அழுவாய். ஒருமுறை என்னிடம் கேட்டாய்: "இத்தினி பேரு சுத்தி நிக்கிறாங்களே, அந்தாளுக்கு ஒருத்தராவது போதும்னு சொல்லியிருக்கலாமில்லக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். அந்த அழுகை நிஜம். அவனும் நீயும் ஒரே ஆள் என்று உனக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டில் ஆள் வரவு அதிகமானபோது அம்மா பாய் போடுகிற முன் அறை உனக்குத் தேவைப்பட்டது. வந்தவர்கள் முன்னால் வெற்றிலை இடிப்பதும் உனக்குப் பிடிக்கவில்லை. "ஆடி முடியிற வரைக்கும் மாமா வூட்ல இரும்மா, அப்புறம் நானே வந்து கூட்டிக்கினு வரேன்" என்று ஊருக்கு அனுப்பினாய். ரயிலேற்ற நானும் வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கரகம் எடுக்கும்போது வேட்டிய இறுக்கிக் கட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் உன்னிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

இனி எழுதப் போவதை நீ இருக்கும்போது நாலு பேர் முன்னால் ஒரே வரியில் சொன்னேன். முழுவதையும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஆடியில் மந்திரி வருகிறார் என்று பேச்சு. உன் கையில் காப்புக் கட்டியாகிவிட்டது. நம் காலனிச் சட்டம் உனக்கு நன்றாகத் தெரியும், நீயே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாய். காப்புக் கட்டியவன் வீட்டில் சாவு விழுந்தால், தீட்டு. காப்பை அவிழ்த்துப் பூசாரி கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த குடும்பத்துக்காரன் கட்டிக்கொள்வான். கரகமும் அவனுக்கு, பரிவட்டமும் அவனுக்கு. அடுத்த குடும்பம் என்றால் துணைத்தலைவர் குடும்பம், உனக்கு ஆகாதவர்கள்.

காலனியில் நம் சொந்தத்தில் உன் வீட்டில் மட்டும்தான் போன் இருந்தது. மாமா முதலில் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது, அக்காவ கூட்டிக்கினு வந்து சேரு" என்றார். வருகிறேன் என்றாய். என்னிடம் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் மறுபடி கூப்பிட்டார். அம்மா போய்விட்டாள், நீங்கள் வரும்வரை எடுக்காமல் வைத்திருக்கிறோம் என்றார்.

நீ சொன்ன பதில் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாய். புது மஞ்சள் வேட்டியைக் காட்டி, "கலரு எடுப்பா கீதாக்கா?" என்று கேட்டாய். நான் மாவிளக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். "ராஜா மாதிரி கீறடா" என்றேன். மறுநாள் கரகத்தோடு என் வாசலுக்கு வந்தபோது குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆரத்தி சுற்றி, "அம்மா பாத்திருந்தா பூரிச்சுப் போயிருப்பா" என்றேன். நீ தலையை நிமிர்த்தவில்லை. பணிவு என்று நினைத்தேன். என் தம்பிக்கு எத்தனை வந்தாலும் பணிவு போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மந்திரி வந்தார். மாலை போட்டார். தீ மிதித்தாய், காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. எல்லாம் முடிந்து, காப்பு அவிழ்த்த பிறகு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "இப்பதாங்க்கா போன் வந்துச்சு, அம்மா போயிட்டாளாம்" என்று அழுதாய். காலனியே உன்னோடு அழுதது. திருவிழா முடிகிற வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, எவ்வளவு புண்ணியவதி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

ஊரில் இறங்கியபோது வீட்டு வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. பந்தல் பிரித்தாகிவிட்டது. மாமா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "ஏம்மா, மொகத்தப் பாக்கக்கூட வர முடியாத அளவுக்கு உங்க ஊர்ல இன்னா நடந்துச்சு?" என்றார். நான் புரியாமல் நின்றேன். "வெக்கிறோம்டா, நீ வந்து கொள்ளி வெய்யின்னு சொன்னேன். வெக்காதீங்க, முடிச்சிடுங்கன்னுட்டான். எம் பையன்தான் கொள்ளி வெச்சான்."

முடிச்சிடுங்க.

கிணற்றடியில் நீ கால் கழுவிக்கொண்டிருந்தாய். உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஞாபகம் இருக்கிறதா? பொத்தான் தெறித்துக் கிணற்றுக்குள் விழுந்தது.

"சொல்லியிருந்தா எல்லாம் போயிருக்கும்க்கா" என்றாய். "மந்திரி வராரு, சீட்டு வரப்போவுது. அம்மா எப்படியும் போயிட்டா. நாம போனா எழுந்துக்கப் போறாளா?"

"நான் மொகம் பாத்திருப்பேனேடா."

"உனக்குச் சொன்னா நீ அழுவே. நீ அழுதா காலனிக்கே தெரியும்."

"போதும்டா. இதோட போதும். போயி உண்மையச் சொல்லிட்டுத் தலைவர் வேலைய வுட்டுடு."

அப்போது என்ன சொன்னாய்? "காலு வெந்துச்சா பாத்தியா? ஆத்தாவே ஒத்துக்கினா, உனக்கு இன்னாக்கா?" என்றாய்.

அன்று உன் கால் வெந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். நான் இதைப் பலமுறை நினைத்ததுண்டு. ஒரு கொப்புளம், ஒரு சின்னத் தடுக்கல் இருந்திருந்தால் பயந்து நின்றிருப்பாய். எதுவும் தடுக்கவில்லை. செய்யலாம் என்று உனக்கு ஆகிவிட்டது. கூத்தில் ராஜாவிடம் யாரும் போதும் என்று சொல்லவில்லையே என்று அழுதவன் நீ. உன்னிடம் நான் சொன்னேன். சொன்னதைக் கேட்கவில்லை என்பதை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளாதே.

முரளியும் அவன் தங்கையும் சின்னப் பிள்ளைகள். தகப்பன் பெயர் சந்தி சிரித்தால் அவர்கள் எங்கே போவார்கள் என்று நான் வாயைக் கட்டிக்கொண்டேன். ஆனால் உன் வீட்டில் அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உன் பொய் அதோடு நிற்கவில்லை. வருஷா வருஷம் திதி கொடுக்க வேண்டுமே! அம்மா இறந்த திதி ஆடிப் பௌர்ணமிக்கு முந்தின நாள். அன்று ஐயரைக் கூப்பிட்டால் காலனிக்குக் கணக்குப் புரிந்துவிடும். அதனால் பௌர்ணமி கழித்து, காப்பு அவிழ்க்கிற நாளில் திதி கொடுத்தாய். காலனியைக் கூப்பிட்டு வடை பாயசத்தோடு இலை போட்டாய். பெற்றவளுக்கு அவளுடைய நாள் இல்லாமல் ஆக்கினாய். நிஜமான நாளில் நான் மட்டும் என் சமையலறையில் ஒரு அகல் ஏற்றி, அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, மொட்டைமாடியில் காக்கைக்குப் போடுவேன். அந்த நேரத்தில் உன் வீட்டில் தோரணம் கட்டுகிற சத்தம் கேட்கும்.

பிறகு சீட்டு கிடைக்கிற வருஷம் வந்தது. உன் போஸ்டர் பேகம்பேட் பாலம் வரைக்கும் ஒட்டியிருந்தார்கள். அந்த ஆடியில்தான் மாமா கண் ஆபரேஷனுக்காக என் வீட்டுக்கு வந்தார். நான் திட்டம் போட்டு வரவழைத்தேன் என்று சுசீலா பிறகு காலனி முழுக்கச் சொன்னாள். ஊரில் கண் தெரியாமல் கிணற்று மேட்டில் விழுந்த மனுஷனை நான் எதற்குத் திட்டம் போட்டு வரவழைக்க வேண்டும்? அந்த நாள் வந்ததும் அவரே குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, "வாம்மா, தம்பி வூட்டுக்குப் போவலாம்" என்றார். நான் வேண்டாம் மாமா என்றேன். கேட்கவில்லை. கண்ணில் பச்சைத் துணி கட்டிய ஆளைத் தனியாக விட முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

உன் வீட்டு முற்றத்தில் கட்சிக்காரர்கள், பூசாரி, துணைத்தலைவர், காலனிப் பெரியவர்கள் எல்லோரும். நடு நாற்காலியில், கையில் காப்போடு நீ. மாமா படியிலேயே நின்று மோப்பம் பிடித்தார்.

"இன்னாடா, இலை போட்ட வாசனையே காணோம்? இன்னிக்குத்தானேடா உங்கம்மா தெவசம்?"

முற்றத்து ஓரத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. யாரோ ஒருவர், "இன்னிக்கா? இன்னிக்கு பௌர்ணமிக்கு மொத நாளாச்சே" என்றார். துணைத்தலைவர் மெதுவாக எழுந்தார். "பெரியவரே, அவங்கம்மா செத்தது திருவிழா முடிஞ்சப்புறமில்ல?"

"அது இன்னாய்யா அப்டி சொல்றே? நான்தானே போன் பண்ணேன்?"

அந்த இடத்தில் நீ எழுந்து மாமா காலில் விழுந்திருந்தால் போதும். பெரியவர்கள் ஒரு அபராதம் போட்டு, ஆத்தாவுக்குத் தீட்டுக் கழித்து, உன்னை விட்டிருப்பார்கள். நம் ஜனங்கள் அவ்வளவு கல்நெஞ்சர்கள் இல்லை. நீ சிரித்தாய். "வயசாயிடுச்சு, ஆபரேஷன் மயக்கம் வேற. இன்னாவோ ஒளர்றாரு" என்று சொல்லி, அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாய். ஒரு கட்சிக்காரப் பையன் மாமாவின் தோளைப் பிடித்தான். கண் தெரியாத மனுஷன் தடுமாறி வாசல் நிலையில் இடித்துக்கொண்டார்.

அதோடு விட்டாயா? என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அக்கா கீதே, அக்காவக் கேளுங்கோ. எங்கக்கா பொய் சொல்லாது. சொல்லுக்கா, அம்மா என்னிக்கு செத்தா?"

என்மேல் நீ எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தாய்! கூடப் பிறந்தவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று. மாமாவின் நெற்றி புடைத்து வந்துகொண்டிருந்தது. அம்மாவின் நெற்றி மாதிரியே அகலமான நெற்றி.

"மாமா சொல்றதுதான் நெஜம்" என்றேன். "கரகம் எடுத்தியே, அதுக்கு மொத நாளே அம்மா போயிட்டா. உனக்குத் தெரியும்."

யாரும் உன்னைத் திட்டவில்லை. பூசாரி எழுந்து வந்து, "கையை நீட்டுப்பா" என்றார். நீ நீட்டவில்லை. அவரே உன் கையை எடுத்துக் காப்பை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அப்போதும் நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த வார்த்தைக்காக நான் வருந்துகிறேனா என்று பலர் கேட்டார்கள். இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் சொன்ன பிறகு எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அம்மா முகத்தைப் பார்க்காதது பார்க்காததுதான்.

சீட்டு வேறு ஆளுக்குப் போனது. காலனியில் உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கல்யாணப் பத்திரிகை வரும், நேரில் வந்து யாரும் அழைக்க மாட்டார்கள். ரிட்டயரானதும் முரளியோடு பேகம்பேட்டுக்குப் போனாய். ஆடி வந்தால் காலனிப் பக்கம் வந்து, ரோடு வளைகிற இடத்தில், எதிர்ப் பக்கத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவாயாம். வாசுதான் சொன்னான். உள்ளே வரவில்லையா என்று கேட்டதற்கு, "இங்கேர்ந்தே தெரியுதுடா" என்றாயாம்.

நீ படுத்த பிறகு முரளி கூப்பிட்டு ஒருமுறை வந்தேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தாய். மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீ கேட்டது வேறு.

"அக்கா, அம்மா மொகம் ஞாபகத்துக்கே வரலக்கா. கண்ண மூடினா பந்தல் வருது, கூட்டம் வருது. அவ மொகம் மட்டும் வரல. எப்படி இருப்பா, சொல்லு."

சொன்னேன். மன்னித்துவிட்டதால் இல்லை, கேட்டது அம்மாவைப் பற்றி என்பதால். இடது புருவத்துக்கு மேலே இருந்த மருவைச் சொன்னேன். கம்மல் கனத்துக்கு இழுத்துப்போன காது, வெற்றிலைச் சாறு ஏறிய உதட்டு ஓரம், சிரிக்கும்போது முந்தானையால் மறைத்துக்கொள்கிற ஓட்டைப்பல், எல்லாவற்றையும் சொன்னேன். கூத்துப் பார்க்கிற மாதிரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன். அவ்வளவுதான் நாம் பேசியது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே முரளி போன் பண்ணினான். வாசுவும் பக்கத்தில் இருந்தான்.

"அத்தை, இன்னா முடிவு பண்ணீங்க?"

"வெக்கச் சொல்லு."

 பிறகு வாசு வாங்கிப் பேசினான். "மொதல்ல போட்டுடலாமாக்கா? முன்னாள் தலைவர்னு?"

"தலைவர்னு போட்டீன்னா நானே வந்து ஆணியால சொரண்டுவேன். செங்கல் சுமந்தவங்க பேரு போடுவீங்க இல்ல, அந்த வரிசையில போடு."

"சரிக்கா."

"இரு, இன்னும் முடிக்கல. வெறும் பேரு போடாதே. முனியம்மா மகன்னு போட்டு, அதுக்கப்புறம் அவன் பேரப் போடு."

"மத்தவங்களுக்கெல்லாம் அப்டி இல்லியேக்கா? கல்லுல தனியாத் தெரியுமே."

"தெரியட்டும். மத்தவன் எவனும் பெத்தவ செத்தத மறைக்கல."

"ஏன் இவருக்கு மட்டும்னு பசங்கோ கேப்பாங்களே?"

"கேட்டா எங்கிட்ட அனுப்பு. நான் சொல்றேன்."

முரளி மறுபடி வாங்கினான். அழுகிறான் என்று மூச்சிலேயே தெரிந்தது. "தேங்க்ஸ் அத்தை" என்றான். தேங்க்ஸ் வேண்டாம், வருகிற ஆடியில் பௌர்ணமிக்கு முந்தின நாள் பாட்டிக்கு இலை போடு, நான் வந்து உன் வீட்டில் சாப்பிடுகிறேன் என்றேன். சுசீலா சூடாகக் காபி கொடுத்தால் அதையும் குடிப்பேன் என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்தான்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அது என்னோடு இருக்கிறது, நான் போகும்போது என்னோடு வரும். மன்னிப்பு கொடுக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை, பெரிய மனசும் இல்லை. ஆனால் கல்லில் நீ அம்மா பக்கத்தில் நிற்பாய். அன்றைக்கு நீ நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான்.

உன் அக்கா